சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்: டிரான்ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய நிகழ்ச்சி

ஆங்கிலம் படித்தால் புரிகிறது, யாராவது பேசினால் புரிவதில்லை. ஆங்கிலம் கற்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. அதற்கு மருந்தாகப் பலரும் கைகாட்டுவது பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியை. 1943இல் வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய பிரிவு அது. நிகழ்ச்சி வாரம் ஒருமுறை வருகிறது. கட்டணம் கிடையாது. ஆடியோவையும் டிரான்ஸ்கிரிப்டையும், அதாவது பேசியதன் எழுத்து வடிவத்தையும், இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

நல்ல நிகழ்ச்சி, சந்தேகமே இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் கேட்டு வந்தும் காது திறக்காதவர்கள் உண்டு. நிகழ்ச்சியில் எந்தப் பகுதி காதுக்கு வேலை வைக்கிறது, எது வைக்கவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் கேட்பதால் வரும் வினை அது.

அமைப்பு எப்போதும் ஒரே மாதிரிதான். தொகுப்பாளர்கள் இருவர் ஒரு தலைப்பை எடுத்துப் பேசத் தொடங்குவார்கள். ஒருவர் ஒரு கேள்வி போட்டு மூன்று விடைகள் தருவார், மற்றவர் ஒன்றை ஊகிப்பார். பிறகு பிபிசி வேர்ல்டு சர்வீஸ் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த ஒரு கிளிப் ஓடும். அதில் வந்த சொல்லையோ தொடரையோ எளிய ஆங்கிலத்தில் விளக்குவார்கள். அடுத்த கிளிப், அடுத்த விளக்கம். கடைசியில் கேள்விக்கு விடை, அன்றைய ஆறு சொற்களின் மீள்பார்வை. நிலை என்று பார்த்தால் இடைநிலை, ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1 முதல் பி2 வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும்.

தொகுப்பாளர்கள் பேசுவது எழுதி வைத்த வசனம். நிதானமாக, ஒருவரை ஒருவர் இடைமறிக்காமல், கற்பவர்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். கிளிப்பில் பேசுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் வேறு ஒரு நிகழ்ச்சியில் வேறு நேயர்களிடம் பேசியவர். பாதியில் வாக்கியத்தை மாற்றுவார், திணறுவார், தன் ஊர் உச்சரிப்பிலேயே பேசுவார். எல்லா கிளிப்புகளையும் கூட்டினாலும் ஆறு நிமிடத்தில் ஒன்றோ ஒன்றரையோ நிமிடம்தான் தேறும். காதுக்கான உண்மையான பயிற்சி அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது. மீதி நேரம் அதற்கான முன்னுரையும் விளக்கவுரையும். தொகுப்பாளர்கள் பேசியது முழுக்கப் புரிந்துவிட்டது என்ற திருப்தியில் கிளிப்பைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் விளக்கவுரையை மட்டும் படித்துவிட்டு மூலத்தை விட்டவர்கள்.

கிளிப் ஏன் புரிவதில்லை? சொல் தெரியாததால் என்றுதான் உடனே தோன்றும். டிரான்ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி தெரிந்த சொற்களாகவே இருக்கும். சிக்கல் சொல்லில் இல்லை, சொற்கள் சேரும் இடத்தில் இருக்கிறது. அதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்குவது சுலபம்: ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. நாம் அதை எழுத்திலும் காட்டுகிறோம், அவர்கள் பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றுமே அங்கும் இருக்கின்றன. கோ, இல் சேர்ந்தால் நடுவே வகரம் தோன்றிக் கோவில் ஆகிறது. ஆங்கிலத்தில் 'கோ', 'இன்' சேரும்போதும் காதில் விழுவது 'கோவின்'. 'ஸீ', 'இட்' சேர்ந்தால் 'ஸீயிட்', நம் தீயணைப்பில் வரும் அதே யகரம். மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆவதுபோல, 'டென் கப்ஸ்' என்பதை வேகமாகச் சொன்னால் 'டெங் கப்ஸ்' ஆகும், 'டென் பவுண்ட்ஸ்' 'டெம் பவுண்ட்ஸ்' ஆகும். மரம், வேர் சேர்ந்து மகரம் கெட்டு மரவேர் ஆவதுபோல, 'நெக்ஸ்ட் வீக்' என்பதில் டகர ஒலி விழுந்து 'நெக்ஸ் வீக்' என்றே ஒலிக்கும்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது, நம் காதுக்கு அதிகத் தொல்லை தருவது அதுதான். தமிழில் ஓர் உயிர் குறுகுவது என்றால் குற்றியலுகரம் போலச் சில இடங்களில்தான். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசையின் உயிர் பெரும்பாலும் தேய்ந்து ஒரு மங்கிய 'அ' ஆகிவிடும். 'டு', 'ஆஃப்', 'ஃபார்', 'ஹேவ்', 'கேன்' போன்ற சிறு சொற்கள் வாக்கியத்தின் நடுவே முழு உருவத்தோடு வருவது அபூர்வம். நாமோ முழு உருவத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்.

ஒரு வாக்கியத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். தாளில் இருப்பது 'ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் ஹிம் லாஸ்ட் வீக்'. வாயிலிருந்து வருவது 'அய் ஷுடவ் ஆஸ்க்டிம் லாஸ் வீக்'. ஹகரம் இரண்டு இடத்தில் காணாமல் போனது, 'ஹேவ்' வெறும் 'அவ்' ஆனது, 'லாஸ்ட்' தன் கடைசி ஒலியை இழந்தது. கற்பவர் காதில் அந்த 'அவ்' விழவில்லை என்றால், 'போன வாரமே கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டேன்' என்ற பொருளே தலைகீழாகிவிடும். ஏழு சொற்களும் தெரிந்தவை. போனது ஒரே ஒரு மங்கிய உயிர்.

'கேன்', 'கான்ட்' குழப்பமும் இதே இனம். 'ஐ கேன் கோ' என்பதில் 'கேன்' லேசாக 'கன்' என்று ஓடி, அழுத்தம் 'கோ' மேல் விழும். 'ஐ கான்ட் கோ' என்பதில் 'கான்ட்' தானே அழுத்தம் வாங்கிக்கொள்ளும். அமெரிக்கப் பேச்சில் இரண்டின் உயிரும் நெருங்கியிருப்பதோடு கடைசி டகரமும் தொண்டையில் நின்றுவிடும். அதனால் டகரத்தைத் தேடாதீர்கள், அழுத்தத்தைக் கேளுங்கள். அந்தச் சொல் ஓங்கி ஒலித்தால் பெரும்பாலும் எதிர்மறை.

இனி, ஒரு பாகத்தை எப்படி உபயோகிப்பது. ஆறு நிமிடத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்க வேண்டும். முதலில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, இதில் வரக்கூடும் என்று தோன்றும் ஆங்கிலச் சொற்களில் ஐந்தாறைத் தாளில் எழுதுங்கள், ஒரு நிமிடம் போதும். டிரான்ஸ்கிரிப்டைத் திறக்காமல், எங்கும் நிறுத்தாமல் முழுதும் ஒருமுறை கேளுங்கள். முடிந்ததும் இரண்டு வாக்கியம் எழுத வேண்டும்: எதைப் பற்றிப் பேசினார்கள், கிளிப்பில் பேசியவர் என்ன கருத்துச் சொன்னார். தமிழிலேயே எழுதலாம், இப்போது சோதிப்பது புரிதலை, எழுத்தை அல்ல. இரண்டாவது வாக்கியம் எழுத வரவில்லை என்றால் வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அடுத்ததுதான் பாரமான பகுதி. ஒரு கிளிப்பில் 20 முதல் 30 விநாடி வரை எடுத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். ஐந்து முறைக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஐந்தாவது தடவையில் பிடிபடாதது பத்தாவது தடவையிலும் பெரும்பாலும் பிடிபடாது, சோர்வுதான் மிஞ்சும். பிடிபடாத இடத்தை வெறுமனே விடாமல், எத்தனை சொல் இருக்கும் என்று தோன்றுகிறதோ அத்தனை கோடு போடுங்கள். அசை ஏறி இறங்குவதையாவது காது கவனித்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கோடு.

இப்போது டிரான்ஸ்கிரிப்டைத் திறக்கலாம். பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு மூடிவைப்பது வீண். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். சொல்லே தெரியாது என்றால் 'சொ'. சொல் தெரியும், காதில் விழவில்லை என்றால் 'கா'. சொல்லும் தெரியும், காதிலும் விழுந்தது, வாக்கியத்தின் பொருள் மட்டும் பிடிபடவில்லை என்றால் 'பொ'. நாலு பாகம் முடித்தபின் எண்ணிப் பாருங்கள். 'கா' அதிகமென்றால் புணர்ச்சிக் கோளாறு, அதே 30 விநாடியை டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்தபடி ஐந்தாறு தடவை பேசுகிறவரோடு சேர்ந்து சொல்லிப் பழக வேண்டும். வாய் குறுக்கிச் சொல்லப் பழகிய ஒலியைக் காது சீக்கிரம் அடையாளம் காணும். 'சொ' அதிகமென்றால் நிலை உங்களுக்கு மேலே இருக்கிறது, இறங்கி வர வேண்டும். 'பொ' அதிகமென்றால் கோளாறு காதில் இல்லை. இலக்கணமோ மரபுத்தொடரோ இடிக்கிறது, அதை வாசிப்பில்தான் சரிசெய்ய முடியும்.

இந்த மூன்றையும் பிரிக்காமல் 'இன்னும் நிறையக் கேள்' என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்வது பெரிய அநியாயம். சொல் தெரியாதவரை நூறு தடவை கேட்க வைத்து என்ன பயன்?

மறுநாள் அதே பாகத்தை டிரான்ஸ்கிரிப்ட் இல்லாமல் மறுபடி ஒருமுறை கேளுங்கள். நேற்று பிடிபடாதது இன்று காதில் விழுகிறதா என்பதுதான் அளவுகோல். தினம் ஒரு புதிய பாகம் என்று ஓடுகிறவர்கள் இந்த மறுநாள் கேட்டலை விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு பாகம் போதும், அதுவும் உடல்நலம், உணவு, தொழில்நுட்பம் என்று ஒரே துறையில் நாலைந்தைச் சேர்ந்தாற்போல் எடுத்தால் சொற்கள் திரும்பத் திரும்ப வந்து தாமாகவே படியும்.

வேகத்தைக் குறைக்கலாமா என்ற கேள்வி வரும். பாட்காஸ்ட் செயலிகளில் 0.8 வரை குறைப்பது பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் ஒலி இழுபடும், தாளம் குலைந்துவிடும். தவிர, விழுங்கிய ஒலி மெதுவாக ஓட்டினாலும் திரும்ப வராது. 'லாஸ் வீக்' பாதி வேகத்திலும் 'லாஸ் வீக்'தான்.

குறைகளுக்கு வருவோம். டிரான்ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே இது சொல்லுக்குச் சொல் சரியான பிரதி அல்ல என்று குறிப்பு இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. தாளில் ஒன்று, காதில் ஒன்று இருந்தால் தங்கள் காதைச் சந்தேகிக்கிறார்கள். மூன்று தடவை கேட்டும் ஒரே மாதிரி விழுந்தால் ஆடியோவை நம்புங்கள். எழுதிப் பழகுபவர்களுக்கு இது உண்மையான இடைஞ்சல்.

தொடக்கத்தில் போடும் கேள்வி பொது அறிவுக் கேள்வி. நிகழ்ச்சி புரிந்ததா என்பதை அது சோதிப்பதில்லை, ஒன்றுமே புரியாதவரும் மூன்றில் ஒன்றை அடித்துவிடலாம். அண்மைக்காலப் பாகங்களுக்கு ஒர்க்‌ஷீட்டும் இணைய வினாடி வினாவும் தருகிறார்கள், வரவேற்க வேண்டிய மாற்றம். பழைய பாகங்களைக் கேட்பவர்கள் கேள்விகளைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்: யார், ஏன், அதனால் என்ன, பேசியவர் இதை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா. நான்காவது கேள்விதான் கடினம், தேர்வுகளில் ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான்.

ஆறு சொற்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கலாம். அவற்றில் பல மரபுத்தொடர்கள். கேட்க அழகாக இருக்கும், திரும்ப எதிர்ப்பட மாதங்கள் ஆகலாம். ஆறையும் மனப்பாடம் செய்யாமல், எங்கும் வரக்கூடிய இரண்டை மட்டும் அவை வந்த முழு வாக்கியத்தோடு எழுதி வைத்தால் போதும். ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்திலேயே விளக்கும் விதம் மட்டும் அருமை, அந்தப் பகுதியை ஒருபோதும் தாண்டாதீர்கள். அகராதி இல்லாமல் பொருள் பிடிக்கும் பழக்கம் அங்கேதான் வளர்கிறது.

இந்த நிகழ்ச்சி எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறவர்களுக்கு ஒரு படி கீழே, அமெரிக்க அரசின் ஒலிபரப்பு நிறுவனமான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் லேர்னிங் இங்கிலீஷ் தொகுப்பு இருக்கிறது. 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற பெயரில் தொடங்கியது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்கள், குட்டி வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் பணிகள் பெருமளவு முடக்கப்பட்டுவிட்டதால் பழைய தொகுப்பையே கணக்கில் வைக்க வேண்டும். தொடக்க நிலைக்கு அது தாராளம். ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. சொற்களைத் தனித்தனியாக நிறுத்திச் சொல்லும் நடை அது, புணர்ச்சிக்குக் காது பழகாது. ஒரு கதையைக் கேட்டவுடனே முக்கால்வாசி புரிகிறது என்ற நிலை வந்ததும் மேலே ஏறிவிட வேண்டும்.

வாசிப்புப் பயிற்சிக்கு சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் போதாது. டிரான்ஸ்கிரிப்டை வாசித்தால் வாசிப்பும் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. அது உரையாடல், வாக்கியங்கள் குட்டையாக இருக்கும், ஒருவர் சொன்னதை மற்றவர் உடனே விளக்கிவிடுவார். பத்தி பத்தியாக ஒரு வாதம் வளர்வதைப் பின்தொடரும் பயிற்சி அதில் கிடைக்காது. அதற்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் உள்ள ரீடிங் பகுதி ஏற்றது. ஏ1 முதல் சி1 வரை நிலை பிரித்து, மின்னஞ்சல், அறிவிப்பு, அறிக்கை, கட்டுரை என்று வகைவகையாகத் தருகிறார்கள். படிப்பதற்கு முன் ஒரு சொற்பயிற்சி, படித்தபின் கேள்விகள். கேள்விகள் பெரும்பாலும் பொருத்துவது, சரியா தவறா பார்ப்பது போன்றவை. பத்தியில் உள்ள சொல்லும் கேள்வியில் உள்ள சொல்லும் ஒன்றாக இருந்தால் புரியாமலே விடை போட்டுவிடலாம். அதைத் தடுக்க ஒரு வழி: ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அதற்கு ஆதாரமான வரியின் முதல் மூன்று சொற்களை எழுதுங்கள். ஆதாரம் காட்ட முடியாத விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையில் தொடங்குவது என்று குழம்புகிறவர்கள் நூறு சொற்களை எண்ணித் தெரியாதவற்றை அடிக்கோடிட்டுப் பார்க்கலாம். இரண்டுக்குள் இருந்தால் அகராதி இல்லாமலே ஓட்டமாக வாசிக்கத் தகுந்தது. ஐந்து வரை என்றால் அகராதியோடு பாடமாகப் படிக்கலாம். அதற்கு மேல் என்றால் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், அது வாசிப்பாக இராது, சொல் தேடலாகிவிடும்.

வேகத்தையும் குறித்து வர வேண்டும். மொத்தச் சொற்களை நிமிடங்களால் வகுத்தால் ஆயிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் மனதுக்குள் வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 240 சொற்களை ஒட்டி இருக்கும். கற்பவர் 100க்குக் கீழே இருந்தால், வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டே போவதுதான் பெரும்பாலும் இந்த மந்தத்துக்குக் காரணம். நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம், அவர்கள் எழுவாய்க்கு அடுத்தே வைத்துவிடுகிறார்கள். தமிழாக்கி வாசிப்பவரின் கண் ஒவ்வொரு வாக்கியத்திலும் முன்னும் பின்னும் ஓட வேண்டியிருக்கிறது. தெரிந்த, எளிய பத்தியை நேரம் வைத்து வாசிப்பதுதான் இதைப் போக்கும், கடினமான பத்தி அல்ல.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்கள் சிக்ஸ் மினிட் இங்கிலீஷை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அந்தத் தேர்வின் கேட்டல் பகுதியில் நான்கு ஒலிப்பதிவுகள், 40 கேள்விகள், ஒரே ஒரு முறைதான் ஓடும். படிவம் நிரப்புதல், வரைபடத்தில் இடம் குறித்தல் போன்ற எதுவும் இந்த நிகழ்ச்சியில் இல்லை. எழுத்துப் பிழைக்கும் அங்கே மதிப்பெண் போய்விடும், ஆகவே கேட்டதை எழுதும் பயிற்சி மட்டும் இங்கிருந்து நேராக உதவும். எண்களைத் தனியாகப் பழகுங்கள். 'ஃபிஃப்டீன்' தனியாக வந்தால் அழுத்தம் பின்னசையில், 'ஃபிஃப்டி'யில் முன்னசையில். ஆனால் 'ஃபிஃப்டீன் பீப்பிள்' என்று பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடும், அப்போது கைகொடுப்பது நெடில் உயிரும் கடைசி னகரமும்தான்.

வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். பலர் தடுமாறுவது 'ஃபால்ஸ்' (தவறு), 'நாட் கிவன்' (பத்தியில் சொல்லப்படவில்லை) என்ற இரண்டு விடைகளுக்கும் நடுவே. நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று பத்தி சொல்கிறது. ஞாயிறன்று மூடியிருக்கும் என்று கேள்வி சொன்னால் 'ஃபால்ஸ்', பத்தி மறுக்கிறது. ஞாயிறன்றுதான் கூட்டம் அதிகம் என்றால் 'நாட் கிவன்', பத்தி வாயே திறக்கவில்லை. உலக அனுபவத்தை வைத்து விடை சொல்லும் பழக்கத்தை விட்டால்தான் இது கைவரும்.

30 விநாடி கிளிப்பில் 'கா' குறி மூன்றுக்குக் கீழே வந்து, நாலைந்து பாகங்களுக்கு அப்படியே நின்றால் சிக்ஸ் மினிட் இங்கிலீஷின் வேலை முடிந்தது. கிளிப் எந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது என்பதைத் தொகுப்பாளர்களே சொல்வார்கள். 'தி ஃபுட் செயின்', 'க்ரவுட் சயின்ஸ்' போன்ற வேர்ல்டு சர்வீஸ் நிகழ்ச்சிகள் அவை, ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடுபவை. மூல நிகழ்ச்சியைத் தேடி, ஏற்கெனவே பழகிய அந்தக் கிளிப் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் இரண்டு நிமிடம் கேளுங்கள். தெரிந்த குரல், தெரிந்த தலைப்பு. விளக்கம் சொல்ல மட்டும் பக்கத்தில் ஆள் இருக்காது. அடுத்த வாரம் ஐந்தைந்து நிமிடமாக நீட்டிக்கொள்ளலாம்.